கண்ணாடி ரூமுக்குப் போன புள்ள

என்ன கண்ணு, ஏறுனதுல இருந்து தும்மிட்டே இருக்கற? என்ற பைக்குள்ள வரமொளகா இருக்குது, அதான். அந்தச் சன்னலத் தொறந்து விட்டுக்கோ. காத்து சில்லுன்னு வருதா? இதெல்லாம் ஒரு குளுரா! நான் ஐஸுக்குப் பக்கத்துல உக்காந்து மேச்சுப் பாத்தவ. பொய்யில்ல கண்ணு, மலேசியாவுல. வெளிய ரோட்டுல வெயிலு மண்டையப் பொளக்குது, உள்ள போனா மூக்கு இருக்குதா உழுந்துருச்சான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கோணும். எங்கூட்டுக்காரரு மப்ளரு, ஒரு சால்வை, ஏரோப்ளேன்ல குடுத்த போர்வை, அத்தனையும் சுத்திட்டு உக்காந்திருந்தேன். போர்வையத் திருப்பிக் குடுக்கோணும்னு எனக்கு ஆரு சொன்னா?

நீ எங்க எறங்கோணும்? பொள்ளாச்சியா? நல்லதாப் போச்சு. நானும் பொள்ளாச்சிதான், அங்க எறங்கி ஆனமலை பஸ்ஸு மாறோணும். மாசாணியாத்தா கோயிலுக்கு. மொளகா எதுக்குன்னு இப்பத் தெரிஞ்சுதா? பாரு, மொகம் மாறுது. பயப்படாத. களவு போனதுக்கில்ல, தோட்டம் தொரவு தகராறுக்குமில்ல. ஆத்தா கோயில்ல மொளகா அரச்சு நீதிக்கல்லுல பூசிட்டா நாயம் கெடச்சுரும்பாங்க. எனக்கு ஒரு கோலுக்கு நாயம் வேணும். ஆமா கண்ணு, கோலு. வெளையாட்டுல போடற கோலு. சிரிக்காத.

அந்தக் காதுல மாட்டியிருக்கறதக் கழட்டு, பாட்டு எங்கயும் ஓடிப் போகாது. நான் சொல்றதக் கேட்டுட்டு நீயே நாயம் சொல்லு, படிச்ச புள்ளதான.

எங்கூட்டுக்காரரோட அக்கா ஒருத்தங்க இருக்கறாங்க, துளசிமணின்னு. எனக்கு நங்கையா. பொள்ளாச்சிக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பு, ஊடு, கொப்பரை காயப் போடற களம் எல்லாம் அவியளுக்கு இருக்குது. அவிய புள்ள தாரணி, என்ற புள்ள மிருதுளா. ரெண்டும் ஒரே வருசத்துல பொறந்ததுக. பள்ளிக்கூடத்துல சக்கர ஷூ மாட்டி ஓடச் சொல்லிக் குடுத்தாங்க, அதோட போச்சு. லீவு உட்டாப் போதும், என்ற புள்ள அத்தை ஊட்டுக் களத்துலதான். சிமிட்டிக் களம், வழுவழுன்னு இருக்கும். கொப்பரைய ஒரு ஓரமா ஒதுக்கிப் போட்டுட்டு ரெண்டும் சக்கரத்துல சுத்துங்க. தென்னமட்டைதான் ஹாக்கிக் குச்சி. கொட்டாங்குச்சியக் கவுத்துப் போட்டு என்ற புள்ள அடிப்பா, அவ தடுப்பா. பழைய தேங்காநார் மெத்தையக் கிழிச்சு நெஞ்சுல, மொழங்கால்ல எல்லாம் கட்டிட்டு நிப்பா தாரணி. கொட்டாங்குச்சி பறந்து வந்து நெத்தியில பட்டாலும் கண்ணச் சிமிட்ட மாட்டா. அந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்துச்சுங்கற? என்ற புள்ள அடிச்சு அடிச்சு வந்தது. இத நான் சொன்னா நங்கையா ஒத்துக்க மாட்டாங்க.

அப்பறம் கோச்சு ஒருத்தர் பாத்தாரு, சென்னைக்குக் கூட்டிட்டுப் போனாரு, அங்கிருந்து வடக்க. ஐஸு மேல ஆடற ஹாக்கிக்கு நம்ம இந்தியாவுக்குப் பொம்பளைப் புள்ளைக டீமு இருக்குது, தெரியுமா உனக்கு? எனக்கும் தெரியாது. அதுல முக்காவாசி லடாக்குப் புள்ளைக. குளுருலயே பொறந்து, குளம் ஒறஞ்சு போனா அது மேல ஏறி வெளையாண்டதுக. அதுகளுக்கு நடுவால நம்மது ரெண்டும் வெயில்ல காஞ்ச கொப்பரையாட்டப் போய் நின்னுதுக. எடுத்துக்கிட்டாங்க! தாரணிய கோல் காக்கறதுக்கு, மிருதுளாவ ஓடறதுக்கு. என்ற புள்ள ஓட்டத்துக்கு ஈடில்லைன்னு கோச்சே சொன்னாராம். ஓடற ஓட்டத்துல சட்டுன்னு நிக்கறதுக்குத்தான் கொஞ்சம் செரமம். சக்கரத்துல நிக்கற வித்தை வேற, ஐஸுல நிக்கற வித்தை வேறயாம். அதனால இவ நிக்கோணும்னா எதுத்தாப்ல வர்ற ஆரையாச்சும் புடிச்சுக்குவா. அதொரு குத்தமா? உழுகப் போற புள்ள எதையாச்சும் புடிக்கத்தான செய்யும்.

போட்டி நாட்டுக்கு நாடு ஆடறதுதான். ஆனா ஒசந்த வகுப்பு இல்ல. மேல கனடா, அமெரிக்கான்னு பெரிய கைக. அதுக்குக் கீழ ஒரு வகுப்பு, அதுக்குங் கீழ ஒண்ணு, இப்படியே எறங்கிட்டே வந்தா அடியில ஒண்ணு இருக்குது பாரு, அதுல நாம. "ஏணியில கடைசிப் படியா கண்ணு?"ன்னு மிருதுளாகிட்டக் கேட்டேன். "இல்லம்மா, நாம இன்னும் கீழ நின்னு ஏணியப் புடிச்சுட்டுத்தான் இருக்கறோம்"ங்கறா. இருந்துட்டுப் போகட்டும், ஏணியப் புடிக்கறதுக்கும் ஆளு வேணுமல்லோ? ரெண்டு ஊட்டு ஆம்பளைகளும் கொப்பரை வேலை கெடக்குதுன்னு நின்னுக்கிட்டாங்க. நானும் நங்கையாளும் பொறப்பட்டோம். முறுக்கு, எள்ளுருண்டை, புளிச்சோறுன்னு ஒரு பொட்டி நெறையா கட்டிட்டுப் போனோம். போகும்போது எங்க ரெண்டு பேருக்குள்ள ஒண்ணுமில்ல பாத்துக்கோ. ஒரே தட்டுல தின்னோம்.

ஒரு பெரிய கடைக் கட்டடம். மேல் மாடியில செருப்புக்கடை, நகைக்கடை, கீழ பாத்தா ஐஸுத் தரை. நம்ம களத்தவிட எச்சாவே இருக்கும். சுத்தியும் கண்ணாடித் தடுப்பு. பந்து கெடையாது. கறுப்பா, தட்டையா, ரப்பர் வடையாட்ட ஒண்ணு. அதுக்கு 'பக்'குன்னு பேராம். நான் வடைன்னே சொல்றேன், உனக்கும் வெளங்கும். நாடுக பேரு கேக்காத, எனக்கு வாயில நொழையல. சட்டைக் கலரச் சொல்றேன்.

மொத மேச்சு செவப்புச் சட்டைக்காரிகளோட. அவளுக பதினாலு கோலு. நாம? ஒண்ணுமில்ல. ரெண்டாவது மஞ்சச் சட்டை. அவளுக பதினொண்ணு. நாம? மறுபடியும் ஒண்ணுமில்ல. முடிஞ்சதும் ஜெயிச்ச நாட்டுப் பாட்டப் போடுவாங்க. தோத்த புள்ளைகளும் வரிசையா நின்னு அந்தப் பாட்டக் கேக்கோணும். என்ன பழக்கமோ போ. செவப்புக்காரிக பாட்டு எனக்கு இப்பவும் மனப்பாடம். மெட்டு நல்லாத்தான் இருக்குது, என்ன பண்றது. தாரணி மேல வடை மழையாட்ட வருது கண்ணு. அந்தப் புள்ளையும் கையால, காலால, மொகத்தாலன்னு தடுக்குது. அவ தடுக்கலீன்னா பதினாலு நாப்பதா ஆயிருக்கும். அது வாஸ்தவம். நான் இல்லேங்கல.

இதுல என்ற புள்ளைக்கு மட்டும் ஒரு தனி மரியாத. மத்த புள்ளைகெல்லாம் ஒரே பெஞ்சுல நெருக்கியடிச்சு உக்காந்திருக்குதுக. இவளுக்கு மட்டும் அக்கட்டால கண்ணாடி ரூமு. கதவு தொறந்து உட ஒரு ஆளு. கோடு போட்ட சட்டை போட்ட அம்மா ஒண்ணு விசில் ஊதுனதும் இவள மரியாதையாக் கூட்டிட்டு வந்து உள்ள உக்கார வெப்பாங்க. சித்த நேரம் மூச்சு வாங்குவா, அப்பறம் கதவு தொறக்கும், ஓடுவா. கொஞ்சத்துல மறுபடியும் வந்துருவா. நல்லா ஓடற புள்ள, களைச்சுப் போயிரக் கூடாதுன்னு பாத்துக்கறாங்கன்னு எனக்கு வயிறே குளுந்து போச்சு. போட்டோ எடுத்து, சொந்தபந்தம் அத்தனையும் இருக்கற ஒறம்பரை குரூப்புல போட்டேன். 'மலேசியாவில் மிருதுளாவுக்குத் தனி அறை.' ஒறம்பரை சனம் பூராம் கைதட்டுப் பொம்மை போட்டுச்சு.

ரெண்டாவது மேச்சு முடிஞ்சதுக்கப்பறம் நங்கையா மெதுவாச் சொல்றாங்க, "சாந்தாமணி, அது தப்புப் பண்ணுனவிகள உக்கார வெக்கற எடம். ரெண்டு நிமிசம் தண்டனை"ங்கறாங்க. சிரிப்ப அடக்கிட்டுத்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாரு! தெரிஞ்சே ரெண்டு மேச்சு சும்மா இருந்திருக்கறாங்க. என்ற போட்டோவுக்குக் கைதட்டுப் பொம்மை வேற போட்டிருக்கறாங்க. அப்பவே எனக்குள்ள ஒண்ணு முறுக்கிக்கிச்சு. இருந்தாலும் காட்டிக்கல. "தண்டனைன்னாலும் தனி ரூமு தனி ரூமுதான நங்கையா"ன்னேன். தப்பா?

கடைசி மேச்சு பச்சச் சட்டைக்காரிகளோட. அன்னிக்குக் காத்தால கோச்சு புள்ளைகள நிக்க வெச்சுச் சொன்னாராம், "ஜெயிக்கறது கெடக்கட்டும். ஒரே ஒரு கோலு. ஊருக்கு எடுத்துட்டுப் போக ஒரு கோலு போட்டுருங்க"ன்னு. ஒரு கோலுகூட இல்லாமத் திரும்பி வந்தா அடுத்த தடவ அனுப்புவாங்களோ மாட்டாங்களோ, ஆருக்குத் தெரியும்? லடாக்குப் புள்ளை ஒண்ணு எங்க முறுக்கத் தின்னுட்டே அழுகுது. எல்லாச் சாமியவும் கும்புட்டுட்டுத்தான் போய் உக்காந்தேன்.

நல்லாத்தான் ஆடுதுக, ஆனா வடை அந்தப் பக்கம் போகவே மாட்டேங்குது. ஒம்பது கோலு வாங்கியாச்சு. முடியறதுக்கு இன்னுங் கொஞ்ச நேரந்தான். பச்சக்காரிகள்ல ஒரு நெட்டச்சி, தென்னமரமாட்ட. அவ தாரணி மேல போய் முட்டறா. தாரணி உழுந்துட்டா. எந்திரிக்கறதுக்குள்ள மறுபடியும் குச்சியால கழுத்துல ஒரு குத்து. அத அந்த விசில்கார அம்மா பாக்கல. என்ற புள்ள பாத்துட்டா. எங்கயோ கெடந்தவ, காத்தாப் பறந்து வந்து நெட்டச்சி காலத் தட்டிவிட்டா பாரு, தென்னமரம் வேரோட சாஞ்சுது. இத மட்டும் விசில்கார அம்மா கரெக்டாப் பாத்துட்டா. கையத் தூக்கிட்டா.

இப்பத்தான் கண்ணு நீ நல்லாக் கவனிக்கோணும், நாயமே இதுலதான் இருக்குது. கையத் தூக்குனா உடனே ஆட்டம் நிக்காது. தப்புப் பண்ணுன நம்ம கைக்கு வடை முழுசா வந்தாத்தான் விசில் ஊதுவாங்க. அது வரைக்கும் அவளுகதான் ஆடுவாளுக. எப்படியும் நாம கோல் போட முடியாது, வடை நம்ம கைக்கு வந்தா ஆட்டமே நின்னுருமே. அந்தத் தெனாவெட்டுல பச்சக்காரிக என்ன பண்ணுவாளுகன்னா, அவளுக கோல்காரிய வெளிய கூப்புட்டுக்குவாளுக. அவளுக்குப் பதுலா அடிக்கறதுக்கு இன்னொருத்திய எறக்குவாளுக. இது எல்லா டீமும் பண்றதுதானாம், இவளுகளும் அப்படியே பண்ணுனாளுக. அப்ப அவளுக கோலு எப்படி இருக்கும்? தொறந்து போட்ட ஊடாட்ட இருக்கும்.

சரின்னு ஒருத்தி அடிக்கறா. தாரணி மொழங்கால்ல பட்டுத் தெறிக்குது. தெறிச்ச வடை இன்னொரு பச்சக்காரிகிட்டப் போகுது. அவ திரும்பிக்கூடப் பாக்காம, பின்னால கூட்டாளி நிக்கறான்னு நெனச்சு, பின்னாலயே தள்ளி உட்டா. பின்னால ஒருத்தியும் இல்ல. வடை போகுது. போகுது. போயிட்டே இருக்குது. ஒரு பச்சக்காரி தொரத்திட்டு ஓடறா, வழுக்கி உழுகறா. வடை நிதானமா, கல்யாண ஊட்டுக்குப் போற பெருசாட்ட, நேராப் போயி அவளுக கோலுக்குள்ள பூந்துருச்சு.

கோலு! இந்தியாவுக்குக் கோலு! நம்ம புள்ளைகெல்லாம் ஓடிப்போயி தாரணி மேல உழுந்து கட்டிப் புடிக்குதுக. ஏன்னா, அவளுகளே போட்டுக்கிட்டாலும், நம்ம பக்கத்துல கடைசியா ஆரு மேல வடை பட்டுதோ அவிக பேருலதான் கோல எழுதுவாங்களாம். அதான் சட்டமாம். கோல் காக்கற புள்ள கோல் போட்டுருச்சுன்னு மைக்குல பேரச் சொல்றாங்க. தாரணி, தாரணின்னு. என்ற புள்ள? விசில்கார அம்மா அந்தக் கூத்துலயும் அவள உடல. தட்டிவிட்டது தட்டிவிட்டதுதான்னு கண்ணாடி ரூமுக்குள்ள கொண்டுபோய் உட்டுட்டாங்க. அத்தனை புள்ளைகளும் ஒண்ணாக் குமிஞ்சு கெடக்க, என்ற புள்ள மட்டும் ஒத்தையில, கண்ணாடிக்குள்ள, மொகத்த ரெண்டு கையாலயும் பொத்திட்டு நின்னா. அதப் பாத்தனா, பெத்த வயிறு பத்தியெரிஞ்சு போச்சு கண்ணு. அதுக்கு மேல நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல.

நங்கையாளப் பாத்துச் சொன்னேன், "புள்ளைக ரெண்டும் சேந்து போட்ட கோலு நங்கையா"ன்னு. நல்ல மனசோடதான் சொன்னேன். அதுக்கு அவிய என்ன சொல்லோணும்? ஆமா சாந்தாமணின்னு சொல்லோணும். "சேந்தா? உன்ற புள்ள கண்ணாடிப் பொட்டிக்குள்ள போனா, என்ற புள்ள கோலு போட்டா"ங்கறாங்க. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பா வரும்? நான் உட்டுருவனா? "என்ற புள்ள காலத் தட்டலீன்னா பச்சக்காரி கோல்காரிய வெளிய கூப்புட்டிருப்பாளா? கூப்புடலீன்னா வடை உள்ள போயிருக்குமா? உங்க புள்ள சும்மா மொழங்காலக் காட்டிட்டு நின்னா, அவ்வளவுதான்"னேன். அதோட சரி. வரும்போது ஏரோப்ளேன்ல பக்கத்துப் பக்கத்து சீட்டு. சாப்பாட்டுத் தட்டுல எனக்கு ஊறுகா எச்சா வந்துது, அவியளுக்கு ஊறுகான்னா உசுரு. குடுக்கலயே நானு.

எங்கூட்டுக்காரரு என்ன சொல்றாருங்கற? அவரு அக்காவாச்சே. "ரெண்டும் நம்ம புள்ளைகதான"ன்னுட்டுப் பேப்பரப் படிக்கறாரு. ஆம்பளைக சண்டைக்கு ஒரு பிரயோசனமும் இல்ல கண்ணு.

இதோட போயிருந்தாலும் பரவால்ல. பொள்ளாச்சியில ஒரு சங்கத்துக்காரங்க பாராட்டு விழான்னு வெச்சாங்க. பஸ் ஸ்டேண்டுக்குப் பக்கத்துல பேனரு. தாரணி மொகம் பரங்கிக்கா அளவுக்கு. என்ற புள்ள எங்கடான்னு தேடுனா, கீழ மூலையில, தீப்பெட்டிப் படமாட்ட, அதுவும் ஹெல்மெட்டு மாட்டுனது. அந்தப் படத்த ஆரு வேணும்னாலும் என்ற புள்ளைன்னு சொல்லிக்கலாம். மண்டபத்துல சனமான சனம். மாலை, சால்வை, தாரணிக்குப் பெரிய கேடயம். மிருதுளாவுக்குச் சின்னக் கேடயம். அவளப் பத்திப் பேசுனவரு "இவரும் உடன் சென்றார்"னாரு. உடன் போனாளாம்! தொணைக்குப் போன ஆளாட்ட!

நான் எந்திரிச்சேன். நேரா மேடைக்குப் போனேன். மைக்க வாங்குனேன். ஆரும் தடுக்கல, நன்றி சொல்லப் போறேன்னு நெனச்சுட்டாங்க. "அல்லாருக்கும் வணக்கமுங்க. அந்தக் கோலு என்ற புள்ள கோலு. அவ அந்த நெட்டச்சியக் காலத் தட்டி உழுத்தலீன்னா இந்தக் கோலே இல்லீங்க"ன்னேன். அப்பறம் வடை, விசில்கார அம்மா, தொறந்து போட்ட ஊடுன்னு ஒண்ணு விடாம வெளக்கமாச் சொன்னேன். சனம் சிரிக்குது, கைதட்டுது. தலைமை தாங்குனவரு ரிட்டயர்டு எட்மாஸ்டரு, நல்ல மனுசன். அவரு மெதுவா எட்டிக் கேட்டாரு, "அம்மா, தட்டி விழ வெச்சதத்தான் பெருமைன்னு சொல்றீங்களா?"ன்னு. "ஆமாங்க, ஆட்டத்துலதானுங்க, ஊட்டுல அப்படிப் பண்ண மாட்டாளுங்க"ன்னேன். திரும்பிப் பாத்தா என்ற புள்ள தலைய மடியில கவுத்திட்டு உக்காந்திருக்கறா. தாரணி அவ கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போறா. சந்தோசத்துல அழுகறான்னு நெனச்சேன் நானு.

ஊட்டுக்கு வந்து கேக்கறா, "நான் எதுக்குத் தட்டுனேன்னு தெரியுமாம்மா உனக்கு?"ன்னு. "தெரியாம என்ன, கோலு வரோணும்னு"ன்னேன். "அந்த நேரத்துல கோலப் பத்தி ஆரு நெனச்சா? அவ தாரணி கழுத்துல குத்துனாம்மா. அதுக்குத்தான்"ங்கறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "அடுத்தவிக புள்ளைக்காக நீ எதுக்குடி தண்டனைக்குப் போகோணும்?"னு கேட்டேன். பெத்தவ கேக்க மாட்டாளா? அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. பைய எடுத்தா, சக்கர ஷூவ எடுத்தா, அத்தை ஊட்டுக்குப் போயிட்டா. இன்னும் வரல. போன் போட்டா எடுக்கறதில்ல. அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு நானு?

ஊடு வெறிச்சுன்னு கெடக்குது. சோறாக்குனா மூணு பேருக்கே போட்டர்றேன், மிஞ்சறதப் பாத்தா அழுகை வருது. அவ இருக்கறப்ப கதவு, டம்ளரு, பக்கெட்டுன்னு எதையாச்சும் முட்டித் தள்ளிட்டே இருப்பா, திட்டிட்டே இருப்பேன். இப்ப ஒரு சத்தமில்ல. அதான் ஆத்தாகிட்டப் போலாம்னு முடிவு பண்ணிட்டேன். கோலு என்ற புள்ளையிதுன்னு ஆத்தா நாயம் சொல்லிட்டா, நங்கையா வந்து ஒத்துக்கிட்டா, என்ற புள்ள தன்னால ஊட்டுக்கு வந்துருவா. வருவாளா மாட்டாளா? நீ என்ன நெனைக்கற?

என்னத்த பாக்கற? அந்தப் போனா? ஆமா, அதையேன் கேக்கற. உடுமலையில பஸ்ஸு ஏறும்போது டிங்குன்னுச்சு. எடுத்துப் பாத்தா மிருதுளா! போனதுக்கப்பறம் இதான் மொதத் தடவ. எழுத்து ஒண்ணுமில்ல, வெறும் வீடியோ. நான் தொறக்கல. தொறந்தா ரெண்டு நீலக் கோடு உழுந்து, நான் பாத்தது அவளுக்குத் தெரிஞ்சு போயிருமல்லோ? அம்மா எறங்கி வந்துட்டான்னு ஆயிரும். என்னத்த அனுப்பியிருப்பா, அந்தக் கோலத்தான் அனுப்பியிருப்பா. எனக்குத் தெரியாத கோலா?

தொறக்கச் சொல்றியா? புள்ள வலிய அனுப்பியிருக்குதேங்கற. அதுஞ் சரிதான். இந்தா, நீயே தொறந்து பாத்துச் சொல்லு. நீ தொறந்தா நீலக் கோடு வராதல்லோ? வருமா? ஆரு தொறந்தாலும் வருமா? கெரகம், வந்துட்டுப் போகட்டும், தொற.

இது நங்கையா போன்ல புடிச்சது. அவியளுக்கு எதையும் நேராப் புடிக்கத் தெரியாது, பாரு, கூரையக் காட்டுது, அப்பறம் ஆரோ காலக் காட்டுது. கோலயே காணமே. சத்தமும் கேக்கல, இந்த டிரைவரு ஆரன வேற அடிச்சுட்டே இருக்கறாரு. உன்ற காதுல மாட்டறதக் குடு, ஒண்ணு நீ வெச்சுக்கோ, ஒண்ணு எனக்கு. மொதல்ல இருந்து போடு.

அய்யோ சாமி, காதே போச்சு! ஆரு இவ, இந்தக் கத்துக் கத்தறா? "தாரணீ! என்ற தங்கமே! போட்டுட்டா, எஞ்சாமி போட்டுட்டா!"ங்கறா. நங்கையாளுக்கு இத்தன பெரிய தொண்டையா? இருக்கட்டும், பெத்தவ, கத்தத்தான் செய்வாங்க. நான் அந்த நேரத்துல பேசாமத்தான் உக்காந்திருந்தேன். இரு இரு, இன்னும் என்னமோ சொல்லுது. "நங்கையா! நம்ம தாரணி போட்டுட்டா நங்கையா! நான் சொன்னனல்லோ, நம்ம புள்ள போடும்னு!"

நங்கையா எப்படிக் கண்ணு நங்கையான்னு கூப்புடுவாங்க?

மறுக்காப் போடு.

நானேதான். என்ற தொண்டைதான் அது. எனக்கு ஒரு நெனப்பும் இல்ல பாரேன். 'நம்ம புள்ள'ன்னா சொல்லியிருக்கறேன்? பின்னால சிரிக்கறது நங்கையா. "உடு சாந்தாமணி, மூச்சு முட்டுது, இந்தப் புடி புடிக்கற"ங்கறாங்க. நான்தான் கட்டிப் புடிச்சுக் குலுக்கியிருக்கறேன், அதான் படம் பூராம் கூரையாத் தெரியுது. இப்ப என்ன, போனு கீழ உழுந்துருச்சா? சாஞ்சு கெடக்குது. இதா, கண்ணாடி ரூமு தெரியுது. என்ற புள்ள. மொகத்தப் பொத்திட்டு நிக்கறா பாரு, இது வரைக்குந்தான் நான் பாத்தேன். இதுக்கு மேல பாக்கல.

அட, கைய எடுத்துட்டா. அழுகவே இல்ல கண்ணு இவ! ஆடறா! கதவு தொறக்கற ஆளையும் புடிச்சு ஆட்டறா பாரு. கண்ணாடியத் தட்டித் தட்டி, தாரணியக் கை காட்டிக் காட்டிக் குதிக்கறா. அந்த ரூமு தாங்குமா! அவ்வளவு பேரு கட்டிப் புடிச்சுக் கெடந்தாங்களே, அவியள்ல ஆருக்கும் இத்தன சந்தோசம் இல்ல.

நீ சிரி, பரவால்ல. எனக்குத்தான் கண்ணுல தண்ணி வருது. மொளகாதான், வேற ஒண்ணுமில்ல.

பொள்ளாச்சி வந்துருச்சா? ஆமா, பஸ் ஸ்டேண்டு. அந்தப் பைய எடு, மெதுவா. ஆனமலை பஸ்ஸு அந்தக் கடைசியில நிக்கும்ங்கறியா? இல்ல கண்ணு, அங்க போகல. இத்தன கத்துக் கத்திப்போட்டு, ஆத்தா முன்னால போயி நின்னு மொளகா அரச்சா, அது என்ற கண்ணுலதான் தெறிக்கும். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, நங்கையா ஊட்டுல கோழி இருக்கும். அவிய மொளகாயில காரமே இருக்காது, இத அரச்சு ஊத்துனாத்தான் கொழம்பு கொழம்பாட்ட இருக்கும். நீ சித்த நில்லு, ஒரு போன் போட்டுக்கறேன்.

அலோ, நங்கையா? நான்தான் சாந்தாமணி. ஆமா, பொள்ளாச்சி பஸ் ஸ்டேண்டுல. இல்ல நங்கையா, சண்டைக்கு வரல, சோத்துக்கு வந்திருக்கறேன். கோழி அடுப்புல ஏறிருச்சா? ஏத்தாதீங்க, மொளகா கொண்டாறேன். ஆருகிட்டயாச்சும் வண்டியக் குடுத்து அனுப்புங்க. மிருதுளாவா? வேண்டாம் நங்கையா, அவளுக்கு வண்டிய நிறுத்தத் தெரியாது, ஆரையாச்சும் முட்டித்தான் நிப்பா. கோலு போட்ட புள்ளைய அனுப்புங்க.